வாய்விட்டுப் படித்த கடிதம்

ஜனவரி 12

என் அருமை மகனுக்கு,

முழங்கால் மட்டும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதை யாரோ எழுதிக்கொடுத்தார்கள் என்று நினைப்பாய். இல்லையடா. தையல்கடைக்காரர் எழுதவில்லை, உன் அக்காவும் எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தும் உன் அப்பனின் கை எழுதியது. காலமெல்லாம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்த கை, பேனாவைக் கொடுத்தால் முக்கி எடுக்க டப்பாவைத் தேடுகிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. கூடை முடையும் அம்மாவும் பூட்டு ரிப்பேர்க்காரரும் என் பெஞ்சுதான். எனக்கு ‘ஞ’ என்ற எழுத்தின் வளைவு பிடித்துப்போய்விட்டது. மஞ்சள், இஞ்சி, பஞ்சு என்று அது வரும் வார்த்தையாகத் தேடித்தேடி எழுதுகிறேன். கடைத்தெருவில் நான் பெயிண்ட் அடித்த ஒரு சுவரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று இருக்கிறது. இத்தனை காலம் அதை வீட்டுக்காரரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

முன்பெல்லாம் உன் கடிதம் வந்தால் தையல்கடைக்காரர் படிப்பார், காஜா எடுக்கிறவர்வரைக்கும் கேட்பார்கள். போனில் பேசலாம் என்றால் உன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், வீடே ‘ஹலோ’ சொல்லும். இனி உனக்கும் எனக்கும் நடுவில் ஆள் கிடையாது. மனசில் இருப்பதை எழுது.

கை வலிக்கிறது, சந்தோஷமாக வலிக்கிறது.

உன் அப்பா

*

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். என் பள்ளிக்கூட பஸ்ஸும் நலம், ஹாரனுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. உங்கள் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் என்னவோ செய்தது. உங்கள் வரிகள் ஏணியில் ஏறுவதுபோல மேலே மேலே போகின்றன. பழக்கதோஷம்!

இங்கே என் வண்டியில் ஒரு வாண்டு வருகிறது. தினமும் ஏறியவுடன் வாயைத் திறந்து, “டிரைவர் மாமா, இன்னிக்கு ஆட்டிப் பாருங்க” என்று ஆடுகிற பல்லைக் காட்டும். “வண்டிய ஆட்டறதே எனக்குப் போதும், போய் உக்காரு” என்பேன். அது விழுந்தால் எனக்குப் பொழுது போகாது.

ஒன்று கேட்கவேண்டும். நடுவில் ஆள் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா அப்பா?

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மகன்

*

பிப்ரவரி 6

என் அருமை மகனுக்கு,

நான் சுகம். உன் அக்கா சளி பிடித்து மூக்கால் பேசுகிறாள், அப்படியும் பேச்சு குறையவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நிஜம். உன் கடிதத்தை நான்தான் பிரிக்கிறேன், நான்தான் படிக்கிறேன். உன் அக்கா கேட்டால்கூட, “எம் பையன் எனக்கு எழுதினது” என்று இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.

அந்தப் பல் விழுந்ததா? கூடைக்காரம்மா கேட்கச் சொன்னார்.

இங்கே இப்போதே வெயில் ஏறிவிட்டது. நீ எப்படித்தான் அந்த முழுக்கைச் சட்டையில் இருக்கிறாயோ. கம்பெனி ரூல் என்றால் என்ன செய்வது? தெருவில் கேட்டால், “எம் பையன் ஆபீசர் மாதிரி, முழுக்கைதான் போடுவான்” என்பேன். கொஞ்சம் கர்வம்தான்.

மனசு விட்டு எழுது. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஓர் எழுத்தையும் விடமாட்டேன்.

உன் அப்பா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அக்காவும் நலம்தானே? அவள் சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இனிக் கிழித்தால் அனுப்பவே மாட்டேன் என்று தெரிந்துவிட்டது.

முழுக்கைச் சட்டை கம்பெனி ரூல் இல்லை. அப்படி ஒரு ரூலே கிடையாது. என் கைகளில் தழும்புகள் இருக்கின்றன. வண்டியில் பட்டவை இல்லை. நானே செய்துகொண்டவை.

சாகவேண்டும் என்று செய்யவில்லை. முதலில் இதை நம்புங்கள். சில நாள் உள்ளே ஏதோ ஏறிக்கொண்டே போகும். பேச்சாகவும் வராது, அழுகையாகவும் வராது. அப்போது செய்துவிடுவேன். கொஞ்ச நேரம் அடங்கும். அதன்பிறகு வருகிற வெட்கம் அடங்கவே அடங்காது. அம்மா இருந்த காலத்திலேயே தொடங்கியது. நடுவில் பல வருஷம் இல்லை. போன வருஷம் மறுபடியும் வந்துவிட்டது.

இப்போது ஒரு டாக்டரிடம் போகிறேன். மனசு சம்பந்தப்பட்ட டாக்டர். உட்காரவைத்துப் பேசுவார். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தால் நல்லது என்றார். அடுத்த வாரமே உங்கள் முதல் கடிதம் வந்தது. இதற்காகத்தான் நீங்கள் எழுத்துக் கற்றுக்கொண்டீர்களோ என்று தோன்றியது.

மார்ச் கடைசியில் லீவு வருகிறது. ஒரே ஒரு நாளாவது அரைக்கைச் சட்டையோடு உங்கள் எதிரில் உட்காரவேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். பயப்படாமல் இருந்தால் போதும். வரலாமா?

உங்கள் மகன்

*

மார்ச் 22

மகனுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. கை சரியில்லை.

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு என்னடா குறை? மாதம் பிறந்தால் சம்பளம், கையும் காலும் நன்றாக இருக்கிறது. இதெல்லாம் வயசுப் பெண்கள் கோபத்தில் செய்வது என்று சொல்கிறார்கள். நீ நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை. யார் பார்த்து ஐயோ என்று சொல்லவேண்டும்? ஒரு கல்யாணம் ஆகியிருந்தால் இந்தப் புத்தி வந்திருக்காது.

இனிமேல் செய்யமாட்டேன் என்று என் தலைமேல் சத்தியம் செய்து எழுது. மனசு வைத்தால் நிறுத்த முடியாதது உலகத்தில் இல்லை. சத்தியம் வரும்வரைக்கும் வண்டியை எடுக்காதே. சின்னப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

இங்கே வெயில் கடுமை. மார்ச்சில் வரவேண்டாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா

*

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

நான் நலம் என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். யாராவது பார்த்து ஐயோ என்று சொல்ல ஆசைப்பட்டிருந்தால், இத்தனை கோடையும் முழுக்கைச் சட்டைக்குள் வெந்திருப்பேனா? சொந்த அப்பாவிடம் ரூல் என்று புளுகியிருப்பேனா? வயசுப் பெண்கள் மட்டும்தான் என்பதும் பொய். டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னோடு உட்காருகிறவர்களில் ரிட்டயர் ஆன பாங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். கல்யாணமாகி, பேரன் எடுத்தவர். அதனால் அந்த வைத்தியமும் வேண்டாம்.

சத்தியம் செய்யமாட்டேன். செய்தால், மறுபடி நடந்துவிடுகிற அன்று உங்கள் தலையையும் நான்தான் சுமக்கவேண்டும். அப்புறம் உங்களிடமும் மறைப்பேன். மறைத்து மறைத்துத்தான் இந்த வயசுக்கு வந்திருக்கிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னால் என்றைக்கும் இன்னொருவர்மேல் கீறல் விழுந்ததில்லை அப்பா. டாக்டருக்கு என் வேலை தெரியும். ஓட்டக்கூடாத நாள் வந்தால் முதலில் அவரிடமே சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் இருக்கட்டும். முந்தாநாள் அக்கா போன் செய்தாள். எடுத்தவுடன், “டேய், பச்சப்புள்ளைங்க உக்கார்ற வண்டிடா. ஒருநாள் புத்தி பிசகி ஸ்டீரிங்கை ஒடிச்சுட்டேன்னா?” என்று அழுதாள்.

அவளுக்கு யார் சொன்னது?

மகன்

*

ஏப்ரல் 10

என் மகனுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமானதைச் செய்தேன்.

வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை அவரவர் வீட்டுக்கு வந்த காகிதம் ஒன்றைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் படிக்கவேண்டும். கூடைக்காரம்மா மாத்திரை அட்டையைப் படிப்பார். பூட்டுக்காரர் என்னைப் பார்த்து, “நீங்கதாங்க பணக்காரர். உங்களுக்குப் பையன் கடுதாசி போடறான், எங்களுக்குக் கரண்டு ஆபீஸ்தான் போடுது” என்பார். அந்தப் பேச்சில் மயங்கினேன். பல் ஆடுகிற குழந்தையின் கதையை வகுப்பு முழுக்கக் கேட்டுச் சிரித்தது. நான் மட்டும்தான் படிக்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அது பாதிப் பொய். படிக்கிறவன் நான் மட்டும்தான். கேட்கிறவர்களைப் பற்றி எழுதவில்லை.

உன் அடுத்த கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கனமாக இருந்தது. பிரிக்காமல் அப்படியே கொண்டுபோனேன். எல்லார் முன்னாலும் உறையைக் கிழிக்கிற கெத்துக்காக.

எனக்குக் கண்ணால் மட்டும் படிக்க வராது. வாய்விட்டு எழுத்தெழுத்தாகச் சொல்லி, அது காதில் விழுந்து, வார்த்தையாகக் கூடி, அதன்பிறகுதான் அர்த்தம் வரும். அதனால் உன் கடிதம் எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. “த... ழும்... பு... கள்” என்றேன். டீச்சர் எழுந்துவிட்டாள். “போதுங்கய்யா. அருமையாப் படிச்சீங்க. உக்காருங்க.”

எனக்கு வரவில்லை என்று நினைத்துத்தான் நிறுத்துகிறாள் என்று ரோசம் வந்துவிட்டதடா. “இரும்மா, என்னால முடியும்” என்று இன்னும் உரக்கப் படித்தேன். “நா... னே... செய்... து... கொண்... ட... வை.” முடித்துவிட்டு நிமிர்ந்து, “சரியாப் படிச்சேனா?” என்று கேட்டேன்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம்தான் நான் படித்தது எனக்கே காதில் விழுந்தது.

பூட்டுக்காரர், “ஆம்பளையா இப்படி? எல்லாம் நாலு பேர் பாக்கணும்னுதான்” என்றார். கூடைக்காரம்மா, “வாயை மூடுய்யா, அப்பன்காரன் நிக்கறான்” என்றார். உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முடிந்தபோது பெஞ்சிலிருந்து என் முழங்காலை எடுக்க முடியவில்லை. ரெண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். மறுநாள் பூட்டுக்காரரின் வீட்டம்மா வந்து உன் அக்காவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நான் உனக்கு எழுதிய கடிதத்தில் பாதி பூட்டுக்காரர் சொன்னது, பாதி உன் அக்கா சொன்னது. என் வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. வராதே என்று எழுதியது மட்டும் என்னுடையது. உன்னைப் பார்த்து வெட்கப்பட்டு எழுதவில்லை. உன் முன்னால் உட்கார எனக்கு முகம் இல்லை.

அப்பா

*

மே 5

என் மகனுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்கவும் மாட்டேன். ஆனால் என் தலைமேல் சத்தியம் கேட்டேனே, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவேண்டும். என் தலை அதற்குத் தகுதியில்லாதது.

தெருவில் போனால் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, “பையன் எப்படி இருக்கான்?” என்கிறார்கள். இதே ஆட்கள் இரண்டு மாதம் முன்வரைக்கும் தொண்டை கிழியக் கேட்டவர்கள். என் முகத்தில் எதையோ தேடுகிறார்கள். நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொள்கிறேன். நீ இத்தனை வருஷம் இப்படித்தான் குனிந்து போனாயா?

ஓதம் ஏறின சுவர், உள்ளுக்குள்ளே ஈரம் ஊறினது, என்று ஒன்று உண்டு. வீட்டுக்காரர்கள், “இன்னொரு கோட்டிங் குடுங்க, மறைஞ்சிடும்” என்பார்கள். கொடுப்பேன். மழைக்காலத்தில் அதே இடத்தில் உப்புக் கறையாகப் பூக்கும். சுவர் வேண்டுமென்றே செய்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உன்னைச் சொன்னேன்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். கூடைக்காரம்மா வீட்டுக்கே வந்து, “தப்பு பண்ணது வாய்தானே, கை என்ன பண்ணிச்சு? வந்து எழுதுய்யா” என்று திட்டிக் கூட்டிப்போனார். இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கையால் மறைத்துக்கொண்டு.

அப்பா

*

மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன்: பெரும்பாலும் நலம்.

உங்கள் கடிதங்கள் இரண்டும் பல நாள் பிரிக்காமலே கிடந்தன. பல் விழுந்ததா என்று கூடைக்காரம்மா கேட்டதாக எழுதினீர்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கோபம் இருக்கிறது. அடங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அக்கா போன் செய்த வாரம் மறுபடியும் நடந்தது. உங்களால்தான் என்று எழுதவில்லை. மறைத்தால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். மறுநாளே டாக்டரிடம் போனேன். அதன்பிறகு இல்லை.

“சரியாப் படிச்சேனா” என்ற இடத்தை அவரிடம் படித்துக்காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

சுவர், ஓதம் எல்லாம் சரிதான். ஆனால் சுவருக்கு வெட்கம் கிடையாது அப்பா. எனக்கு இருக்கிறது. அதனால்தான் பூட்டுக்காரர் பேச்சைவிட நீங்கள் வராதே என்று எழுதியது வலித்தது.

ஜூன் நடுவில் இரண்டு நாள் வருகிறேன். முழுக்கையில்தான் வருவேன். அதைப்பற்றிப் பேசவேண்டாம்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் மகன்

*

ஜூன் 21

என் அருமை மகனுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். கட்டிக்கொடுத்த சாப்பாடு கெட்டுப்போகாமல் இருந்ததா? தைலம் தேய்க்கிறேன்.

நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன். வரப்போகிறாய் என்றதும் உன் அக்கா கத்தி, கத்தரிக்கோல், என் சவர சாமான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். பூட்டு யாருடையது என்று கேட்காதே. நான், “வேண்டாம்மா” என்றேன். “நீங்க சும்மா இருங்கப்பா, ஏற்கெனவே நீங்க பண்ணது போதாதா?” என்றாள். அதனால்தான் நீ வந்தபோது காய் எல்லாம் கையால் பிய்த்த மாதிரி இருந்தது, நான் தாடியோடு இருந்தேன்.

நீ என் முகத்தைப் பார்த்து, “இதையுமா ஒளிச்சு வெச்சுட்டா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அக்காவும் சிரித்தாள். அப்புறம் நீ சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாயே, “அக்கா, இப்போதைக்கு அதெல்லாம் என் கைக்கெட்டற தூரத்தில இல்லாம இருந்தா எனக்கும் நல்லதுதான். டாக்டர்கிட்டயும் அப்படித்தான் பேசி வெச்சிருக்கேன். ஆனா என்னைக் கேட்டுட்டுப் பூட்டு. திருடனுக்குப் பூட்டற மாதிரிப் பூட்டாத.” அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தாய். இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ போனபிறகு என்னிடம், “அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையேப்பா” என்றாள்.

சலூனுக்கு என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாய். அங்கே ஒருத்தர், “என்ன தம்பி, இந்த வேக்காட்டுல முழுக்கையா?” என்றார். என் வாய் திறந்துவிட்டது. ஏதோ சொல்லி உன்னைக் காப்பாற்றப் பார்த்தேன். நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய். மூடிக்கொண்டேன். “எனக்கு இதுதாங்க சௌகரியம்” என்று நீயே சொன்னாய். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அப்பன் எதற்கு?

உன் அரைக்கைச் சட்டை பையிலேயே மடித்தபடி இருந்ததை இரண்டு நாளும் பார்த்தேன். கேட்கவில்லை. மார்ச்சில் வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வந்திருப்பாய். அந்த ஒரு வரி எழுத எனக்கு அப்போது எழுத்தெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

பஸ் நிலையத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. நீ இடது கைப் பொத்தானைக் கழற்றினாய். நான் வேகமாக ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “பாருங்கப்பா. நீங்க பாக்காம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு” என்றாய். திரும்பினேன். பார்த்தேன்.

எழுத்து வந்த நாளிலிருந்து பார்த்ததையெல்லாம் எழுதிவிடவேண்டும் என்று எனக்கு ஆசை. கடைப்பலகை, பஸ் நம்பர், கூடைக்காரம்மாவின் திட்டு என்று ஒன்று விடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே பார்த்ததை மட்டும் எழுதமாட்டேன். உனக்குக்கூட எழுதமாட்டேன். அது உன்னுடையது.

உன் அப்பா